சிகாகோவில் 5 நாள், லூப்பில் ஹோட்டல்: ஏரிக்கரை ஓட்டத்துக்கு வழி சொல்லுங்க

விடியல்_ஓட்டம்:
அக்டோபர் கடைசி வாரம் சிகாகோ. ஹோட்டல் ஊரின் மையமான லூப் பகுதியில், மிச்சிகன் அவென்யூவை ஒட்டி. தினமும் காலை 8–10 கி.மீ., ஒரு நாள் மட்டும் 21. பேஸ் கி.மீ.க்கு 6:15 நிமிடம் சுற்றி. ஓட்டத்திலேயே ஊரையும் பார்த்துவிட வேண்டும், ட்ரெட்மில் பேச்சே வேண்டாம். மேப்பில் பார்த்தால் ஏரி ஒரு கி.மீ. கூட இல்லை, ஆனால் நடுவில் பெரிய ஹைவே மாதிரி ஒன்று போகிறது. அதை எங்கே தாண்டுவது? தண்ணீர், கழிவறை, குளிர், திரும்பி வர ரயில் எல்லாவற்றுக்கும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரைபடப்பித்து:
நடுவில் தெரிவது லேக் ஷோர் டிரைவ். 2021-லிருந்து அதன் பெயரில் டுசாபிளும் சேர்ந்துவிட்டது, பலகையில் அப்படித்தான் இருக்கும். கிராண்ட் பார்க் பகுதியில் மட்டும் அதைச் சிக்னலில் தாண்டலாம்: மன்ரோ, ஜாக்சன், பால்போ. உங்கள் ஹோட்டலுக்கு மன்ரோ போதும். சிக்னல் நீளமானது, பொத்தானை அழுத்திவிட்டு நில்லுங்கள். கார் இல்லையே என்று இறங்கிவிடாதீர்கள், அங்கே வண்டிகள் வரும் வேகம் தெருவில் வரும் வேகமில்லை. மில்லேனியம் பார்க்கிலிருந்து பாம்பு மாதிரி வளைந்து போகும் பாலம் அழகுதான், ஆனால் அது மேகி டேலி பார்க்கில் கொண்டுபோய் விடும், ஏரிக்கரையில் அல்ல. அதன் தளம் மரப்பலகை என்பதால் உப்பு போட முடியாது. பனி, ஐஸ் என்றால் அடைத்துவிடுவார்கள்.

கிராண்ட் பார்க்கைத் தாண்டி வடக்கே போனால் நடந்து தாண்டச் சிக்னலை எதிர்பார்க்காதீர்கள். சுரங்க வழி அல்லது நடைபாலம் இருக்கும் இடத்தில்தான் கரையை விட்டு ஊருக்குள் வர முடியும். ஓக் தெரு, டிவிஷன், நார்த் அவென்யூ பாலம், ஃபுல்லர்டன், பெல்மான்ட், அடிசன், மான்ட்ரோஸ், ஃபாஸ்டர், இத்தனையையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கால் பிசகினால் "இதோ ரோடு தெரியுதே" என்று ஓரமாகப் போய் டாக்சி பிடிக்கிற கதை அங்கே நடக்காது.

இனி தெரு எண், அதாவது முகவரியில் வரும் எண். ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் மூலைதான் பூஜ்யம். அங்கிருந்து நான்கு திசையிலும் 800 எண்ணுக்கு ஒரு மைல். அப்படியென்றால் 500 எண் கிட்டத்தட்ட ஒரு கி.மீ. நார்த் அவென்யூ 1600, ஃபுல்லர்டன் 2400, பெல்மான்ட் 3200, இர்விங் பார்க் 4000: ஒவ்வொன்றும் ஒரு மைல். வாட்ச் செத்தாலும் தெருப் பலகையைப் பார்த்தே தூரம் சொல்லலாம். கரைப் பாதை வளைந்து போவதால் ஓடும் தூரம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும்.

ஏழாம்_மைல்:
மேலே சொன்ன 800 கணக்கில் ஒரு ஓட்டை. தெற்கே முதல் மூன்று மைலுக்கு அது செல்லாது. ரூஸ்வெல்ட் 1200-ல் முதல் மைல், செர்மாக் 2200-ல் இரண்டாவது, 31ஆம் தெரு 3100-ல் மூன்றாவது. அதற்குப் பிறகுதான் 800. இது தெரியாமல் கணக்குப் போட்டால் 31ஆம் தெருவுக்குள்ளேயே 6 கி.மீ. ஓடிவிட்டோம் என்று நினைப்பு வரும், உண்மையில் ஓடியது 5-க்குக் கீழே.

வரைபடப்பித்து:
சரிதான், அதை விட்டுவிட்டேன். நன்றி.

காற்றெதிர்:
சிகாகோவில் முதலில் பார்க்க வேண்டியது வரைபடம் அல்ல, காற்று. "எந்த வழி நல்ல வழி" என்று கேட்டால் "இன்றைக்கு எந்தக் காற்று" என்று திருப்பிக் கேட்பவர்தான் ஊர் தெரிந்தவர்.

நம்மிடம் நான்கு திசைக் காற்றுக்கும் பெயர் இருக்கிறதே, அதை வைத்தே சொல்கிறேன். கோடை, அதாவது மேற்குக் காற்று: ஊரின் கட்டடங்கள் ஓரளவு தடுத்துவிடும், கரையில் ஓடலாம். தென்றல் என்றால் வடக்கே போகும்போது முதுகில் தள்ளும். வாடையும் கொண்டலும் கலந்த வடகிழக்குக் காற்றுதான் வில்லன். மிச்சிகன் ஏரி வடக்கு தெற்காக ஏறக்குறைய 490 கி.மீ. நீளம். அவ்வளவு நீளத்துக்குத் தடையில்லாமல் நீர்மேல் உருண்டு வரும் காற்று கடல் மாதிரி அலையைக் கிளப்பி, ஏரியின் தென்மேற்கு மூலையில் உட்கார்ந்திருக்கிற இந்த ஊரின் மேல் கொட்டும். ஓக் தெருவுக்கும் நார்த் அவென்யூவுக்கும் நடுவில் பாதைக்கு ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் ஹைவே. அலை கான்கிரீட்டைத் தாண்டி பாதைமேலேயே விழும். சுழித்து இழுத்துக்கொண்டு போகிற அளவுக்கு வரும், விளையாட்டில்லை. அப்படிப்பட்ட நாளில் அந்தப் பகுதியை அடைத்துவிடுவார்கள். தடுப்பு இருந்தால் தாண்டாதீர்கள். தடுப்பு வைப்பதற்கு முன்பே நீங்கள் போய்விட்டால், கான்கிரீட் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். மழை இல்லாமலே ஈரம் என்றால் அலை ஏறியிருக்கிறது, திரும்பிவிடுங்கள்.

மாற்று வழி: கரையை விட்டு உள்ளே வந்து ஆஸ்டர் தெரு வழியாக வடக்கே போய் லிங்கன் பார்க்கில் நுழையுங்கள். பழைய மாளிகைகள், மரங்கள், காற்று பாதியாகக் குறையும். அக்டோபர் கடைசி, நவம்பர் இரண்டும் இந்தக் காற்றுக்குப் பேர்போன காலம், ஆகவே ஐந்து நாளில் ஒரு நாளாவது இது தேவைப்படலாம்.

போய்த் திரும்பும் ஓட்டம் என்றால் எதிர்காற்றில் புறப்பட்டு, முதுகுக் காற்றில் திரும்புங்கள். மாற்றிச் செய்தால் வியர்த்து நனைந்த உடம்போடு கடைசி 5 கி.மீ. எதிர்காற்று, அங்கேதான் நடுக்கம் பிடிக்கும்.

விடியல்_ஓட்டம்:
காற்று விஷயம் நினைத்தே பார்க்கவில்லை. தினசரி 8–10-க்கு ஹோட்டலிலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு வரும்?

ஏழாம்_மைல்:
மூன்று வழி, மூன்றும் மன்ரோ சிக்னலில் தொடங்குபவை.

தெற்கு: ஏரியை இடப்பக்கம் வைத்துக்கொண்டு ஓடுங்கள். பக்கிங்ஹாம் நீரூற்று வலப்பக்கம் தெரியும், நீங்கள் வரும்போது தண்ணீரை நிறுத்தியிருப்பார்கள். பிறகு ஷெட் மீன் காட்சியகம், அதைச் சுற்றிப் போனால் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தரைப்பாலச் சாலையின் நுனியில் ஆட்லர் கோளரங்கம். ஊரின் உயரக் கட்டடங்கள் முழுசாக ஒரே பார்வையில் தெரிவது இங்கேதான். அக்டோபர் கடைசியில் சூரியன் எழுவது காலை 7:15 வாக்கில். 7 மணிக்கு அங்கே நின்றால் வெளிச்சம் கிழக்கே நீரிலிருந்து வந்து கண்ணாடிக் கட்டடங்களில் பட்டுத் திரும்புவதைப் பார்க்கலாம். போய்வர 6–7 கி.மீ. போதாதென்றால் பக்கத்து நார்தர்லி ஐலண்டில் ஒரு சுற்று. அது முன்பு சிறு விமான நிலையம். 2003 மார்ச் மாதம் மேயர் டேலி நள்ளிரவில் புல்டோசர் விட்டு ஓடுதளத்தைக் கிழித்துவிட்டார், இன்று புல்வெளி. ஏரிப் பக்கத்துப் பாதையை அலை அரித்து வைத்திருக்கிறது, அடைத்திருந்தால் துறைமுகப் பக்கமே போய்வாருங்கள்.

வடக்கு: ஆற்றின் முகத்தைத் தாண்டி நேவி பியர், ஓக் தெரு, நார்த் அவென்யூ கடற்கரை. (ஏரிக்குக் கடற்கரையா என்று கேட்காதீர்கள், பார்த்தால் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். உப்பு வாசனை மட்டும் இருக்காது.) கப்பல் வடிவக் கட்டடம் வந்ததும் திரும்பினால் மொத்தம் 9 சுற்றி வரும். நேவி பியர் அருகே மேம்பாலம் ஏறவேண்டும், 2021-ல் முடிந்தது. நடப்பவரும் சைக்கிளும் ஒன்றாகப் போகும் இடம், வளைவில் வலது ஓரத்தை விடாதீர்கள்.

மூன்றாவது, காற்று அடிக்கும் நாளுக்கு: ரிவர்வாக். ஏரி முனையிலிருந்து லேக் தெரு வரை ஆற்றை ஒட்டி ஏறக்குறைய 2 கி.மீ., பாலங்களுக்கு அடியிலேயே தொடர்ந்து போகலாம். காலை 8-க்குள் முடித்துவிடுங்கள், பிறகு நாற்காலி மேசை போட ஆரம்பித்துவிடுவார்கள். நடுவில் படிக்கட்டுப் பகுதிகள் வரும். கனமழைக்கு அடுத்த நாள் தாழ்வான இடங்களில் தண்ணீர் ஏறியிருக்கலாம்.

வரைபடப்பித்து:
ஆற்றுப் பாலங்கள் பற்றி ஒன்று. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் புதன், சனிக்கிழமைக் காலைகளில் பாய்மரப் படகுகளை விட ஒவ்வொரு பாலமாகத் தூக்குவார்கள். நீங்கள் வரும் வாரமும் அதில்தான் வரும். மணி அடித்துத் தடுப்பு இறங்கிவிட்டால் நிற்பதைத் தவிர வழியில்லை. டெம்போ மாதிரி நேரக்கணக்கு ஓட்டத்தை அந்த நாட்களில் ஆற்றுப் பக்கம் வைக்காதீர்கள். வேடிக்கை பார்க்க நல்லது.

பாதைக்காவல்:
யாரும் ஒழுங்கு முறை பற்றிச் சொல்லவில்லை, அதனால் நான்.

அங்கே எல்லாம் வலப்பக்கம். நம் ஊரிலோ இலங்கையிலோ இருந்து வருகிறவர்களுக்கு உடம்பு தானாக இடப்பக்கம் ஒதுங்கும். பின்னால் சைக்கிள்காரர் "ஆன் யுவர் லெஃப்ட்" என்று கத்துவார். பொருள்: "உன் இடப்பக்கமாக நான் தாண்டுகிறேன், நீ அப்படியே நேராகப் போ." காதில் "லெஃப்ட்" மட்டும் விழுந்து இடப்பக்கம் பாய்கிறவர்கள்தான் நேராகச் சைக்கிள் சக்கரத்தில் விழுகிறார்கள். சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள், திரும்பினால் தோளோடு காலும் அந்தப் பக்கம் சாயும். கையை லேசாகத் தூக்கிக் காட்டிவிட்டுக் கோட்டிலேயே போங்கள்.

2018-ல் ஏறக்குறைய முழு நீளத்துக்கும் நடப்பவர்களுக்குத் தனி, சைக்கிளுக்குத் தனி என்று பிரித்துவிட்டார்கள். தரையில் படம் வரைந்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் நீளமாக, நேராக இருக்கிறதே என்று சைக்கிள் பாதையில் ஏறிவிடுவது வழக்கம். பல இடங்களில் ஓரத்தில் சுண்ணாம்புக்கல் சரளை போட்டிருக்கும், முழங்காலுக்கு அதுதான் இதம்.

ஊருக்குள் வந்தால் வேறு ஆபத்து. சிவப்பு விளக்கிலும் வலப்பக்கம் திரும்ப அனுமதி உள்ள சந்திப்புகள் நிறைய. திரும்பும் ஓட்டுநர் இடப்பக்கம் வரும் வண்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார், அவருக்கு வலப்பக்கத்திலிருந்து நடைபாதையில் ஓடி வரும் உங்களைப் பார்க்கவே மாட்டார். உங்களுக்கு நடக்கலாம் என்று வெள்ளை மனித உருவ விளக்கு எரிந்தாலும் ஓட்டுநரின் கண்ணைப் பார்த்த பிறகே இறங்குங்கள்.

ஸ்கார்பரோத்_தம்பி:
உடுப்பு விசயம் நான் சொல்லுறன், எங்கட ரொறன்ரோவும் ஏரிக்கரைதானே.

ஒக்டோபர் கடைசியில காலமை 3 தொடக்கம் 10 பாகை வரைக்கும் எதிர்பாருங்கோ. வெளிய வந்து முதல் பத்து நிமிசம் குளிர வேணும். வெளிக்கிடேக்கயே சுகமா இருந்தா நீங்கள் கூடப் போட்டிட்டியள். 5 பாகைக்கு: ஒரு நீளக்கை மெல்லிய சட்டை, மேல காத்துத் தடுக்கிற மெல்லிய ஜக்கெற், மெல்லிய கையுறை, காது மூடுற பட்டி. பருத்தி வேண்டவே வேண்டாம், நனைஞ்சா காயாது. ஜக்கெற் முன்பக்கம் காத்துத் தடுக்கிறதா இருந்தாக் காணும், முதுகு மூச்சு விடட்டும்.

அங்க வெப்பநிலை பாரன்ஹைட்டில சொல்லுவினம். 32 எண்டா பூச்சியம், 41 எண்டா 5, 50 எண்டா 10. இந்த மூண்டையும் ஞாபகம் வைச்சாக் காணும். "விண்ட் சில்" எண்டு, காத்தோட சேத்து உடம்பு உணருற குளிருக்குத் தனியா ஒரு எண் வரும், கையுறையும் காதுப் பட்டியும் அந்த எண்ணைப் பாத்துத் தீர்மானியுங்கோ. சட்டை எத்தினை எண்டதை உண்மை வெப்பநிலையைப் பாத்து.

ஜனவரியில போற ஆக்களுக்கும் சேத்து: கரையில ஐஸ் தட்டு மாதிரி ஏரிக்குள்ள நீண்டு நிக்கும். படம் எடுக்க அதில ஏறாதேங்கோ, அடியில வெறும் தண்ணி, மேல ஓட்டை. கரைப் பாதையில பனியை வழிச்சு விடுவினம். ஆனா பகல் உருகின தண்ணி ராவில திரும்ப உறைஞ்சு பாலத்துக்குக் கீழ கண்ணாடி மாதிரிக் கிடக்கும். கறுப்பாப் பளபளத்தா நடவுங்கோ, ஓடாதேங்கோ.

விடியல்_ஓட்டம்:
மிக்க நன்றி தம்பி. இனி அந்த 21. போய்த் திரும்பினால் சலிப்பாக இருக்கும், ஒரே திசையில் ஓடி ரயிலில் வர முடியுமா?

காற்றெதிர்:
அதுதான் இந்த ஊரின் பெரிய வசதி. ரெட் லைன் ரயில் கரைக்கு இணையாக வடக்கே போகிறது, 24 மணி நேரமும். விதி ஒன்றே: காற்றைப் பார்த்துத் திசை.

வடக்குக் காற்று என்றால்: மன்ரோ நிலையத்தில் ரெட் லைன் ஏறி தார்ன்டேலில் இறங்குங்கள், அரை மணி சுற்றி ஆகும். கிழக்கே சில நிமிடம் நடந்தால் ஷெரிடன் சாலை, கொஞ்சம் தெற்கே ஆர்ட்மோர். கரைப் பாதையின் வட முனை அதுதான். அங்கிருந்து 71ஆம் தெரு வரை மொத்தம் 18.5 மைல், ஏறக்குறைய 30 கி.மீ. நீங்கள் தெற்கே ஓடி, ஷெட்டும் ஆட்லரும் இருக்கும் மியூசியம் வளாகம் வந்தால் 16 சுற்றி. மிச்சத்தை வழியிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்: மான்ட்ரோஸ் பாயின்ட் சுற்று, கோளரங்க நுனி, நார்தர்லி ஐலண்ட். முடித்ததும் ரூஸ்வெல்ட் நிலையம் அல்லது நடந்தே ஹோட்டல்.

தெற்குக் காற்று என்றால் அப்படியே தலைகீழ்: ஹோட்டலிலிருந்து வடக்கே ஓடி, தார்ன்டேலில் ரயில். ஒரு எச்சரிக்கை: நடைமேடை உயரத்தில் இருக்கிறது, காற்று ஊதித் தள்ளும். அங்கே வெப்ப விளக்குகள் உண்டு, ஆனால் நவம்பரில்தான் எரியவிடுவார்கள். இடுப்பில் கட்டிய உலர்ந்த சட்டை ஒன்று கட்டாயம்.

ஏழாம்_மைல்:
எல்லாரும் வடக்கு வடக்கு என்கிறீர்கள். தெற்குதான் அழகு. 31ஆம் தெருவுக்குப் பிறகு கூட்டமே கிடையாது, புல்வெளிச் செடிகள், வளைந்த நடைபாலங்கள், 55ஆம் தெருவில் ப்ரோமான்டரி பாயின்ட்டில் கல் அடுக்கிய கரை. அங்கிருந்து 57-ல் 1893 உலகக் கண்காட்சியின் கட்டடம் ஒன்று, இப்போது அறிவியல் அருங்காட்சியகம். ஹோட்டலிலிருந்து அங்கே வரை ஒரு வழி 11–12 கி.மீ.

பாதைக்காவல்:
அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் புதிதாக வருகிறவருக்கு இருட்டில் சொல்ல மாட்டேன். தெற்குப் பக்கம் என்றாலே பயமுறுத்துகிற பேச்சு எனக்கும் பிடிக்காது. இங்கே சிக்கல் வேறு: தனிமை. வெளியேறும் வழிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், விடியலில் ஆளே இருக்காது. கணுக்கால் மடங்கினால் 1 கி.மீ. நொண்ட வேண்டும்.

ஏழாம்_மைல்:
ஒத்துக்கொள்கிறேன். வெளிச்சம் வந்த பிறகு, சனி அல்லது ஞாயிறு. ரயிலுக்கு 57ஆம் தெருவில் மெட்ரா என்ற புறநகர் ரயில் நிலையம், ஆனால் அது மெட்ரோ மாதிரி அடிக்கடி வராது, நேர அட்டவணையைப் பார்த்து முடிவு நேரத்தை வையுங்கள். தவறினால் 6ஆம் எண் பஸ் லூப்புக்கு வரும்.

வரைபடப்பித்து:
ஜி.பி.எஸ். பற்றி: லூப்புக்குள் வாட்சை நம்பாதீர்கள். செயற்கைக்கோள் சிக்னல் உயரக் கட்டடங்களில் பட்டுத் தெறித்து வருவதால், அது நீங்கள் பக்கத்துத் தெருவில் பறந்ததாகக் காட்டும், கி.மீ. 3:40 என்று மகிழ்ச்சிப்படுத்தும். வாக்கர் டிரைவ் அடுக்கடுக்கான சாலை, கீழ்த்தளத்தில் நுழைந்தால் சிக்னலே போய்விடும்; மேப் சொல்லும் திருப்பம் உங்கள் தலைக்கு மேலே இருக்கும். வாட்சை மன்ரோ சிக்னல் தாண்டியதும் தொடங்குங்கள். கரையில் வானம் திறந்திருப்பதால் அங்கே துல்லியம் நன்றாக இருக்கும்.

மெல்லோட்டம்:
தண்ணீரும் கழிவறையும் யாரும் தொடவில்லையே! கரைக் குழாய்களைக் குளிர் தொடங்கும்போது அடைப்பார்கள், உறைந்தால் குழாய் வெடிக்கும் என்பதால். அக்டோபர் கடைசி என்றால் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். 10-க்குத் தேவையில்லை, 21-க்கு அரை லிட்டர் கைப்புட்டி. கடற்கரைக் கழிவறைகளில் பெரும்பாலானவை கோடை நீச்சல் காலத்துக்கானவை, செப்டம்பர் முதல் வாரத்தோடு சரி. ஹோட்டலில் முடித்துவிட்டுக் கிளம்புங்கள், 21 அன்று ரயில் ஏறும் முன்.

இன்னொன்று, நேர வித்தியாசம் 10.30 மணி. முதல் இரண்டு நாள் அதிகாலை 3-க்கே விழிப்பு வரும். பூங்காக்கள் இரவு 11-க்கு மூடி காலை 6-க்குத் திறப்பவை. அந்த நேரத்தில் கரைக்குப் போகாமல் படுத்தே இருங்கள், அல்லது ஹோட்டல் வாசலில் வெளிச்சமான மிச்சிகன் அவென்யூவில் நடங்கள்.

ஏரிக்காற்று:
நடக்கிற நாளுக்கு: மிச்சிகன் அவென்யூவில் ஆர்ட் இன்ஸ்டிடியூட். 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசிய கட்டடம் அதுதான். அவருடைய சீடர் அளசிங்கப் பெருமாள் சென்னையில் வீடு வீடாக ஏறி இறங்கித் திரட்டிய பணத்தில் அமைந்த பயணம். வாசலில் எல்லாரும் படம் எடுக்கும் வெண்கலச் சிங்கங்கள் அன்று இல்லை, அடுத்த ஆண்டுதான் வந்தன.

இவ்வளவு நீளக் கரை எப்படிக் கட்டடமில்லாமல் தப்பியது என்று ஓடும்போது தோன்றும். 1836 வரைபடத்தில் கிராண்ட் பார்க் நிலத்தின்மேல், என்றும் திறந்தவெளியாக இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். பிறகு அஞ்சல் வழி வியாபாரி மாண்ட்கோமரி வார்ட் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு 1890 முதல் இருபது ஆண்டு வழக்காடினார்.

21-ஐ வடக்கே முடித்தால் தார்ன்டேலிலிருந்து திரும்பாமல் அதே ரயிலில் லயோலா வரை போய் 155ஆம் எண் பஸ்ஸில் மேற்கே டெவான் அவென்யூ. இந்தியக் கடைகள், தோசை எல்லாம் அங்கே. உலர்ந்த சட்டையை மறக்காதீர்கள், பக்கத்தில் உட்காருகிறவர் நலனுக்காக.

விடியல்_ஓட்டம்:
அருமை. கடைசிக் கேள்வி: ஓடும்போது கையில் என்ன வைத்துக்கொள்வது? பர்ஸ், பாஸ்போர்ட் எல்லாம் சுமக்க முடியாது.

மெல்லோட்டம்:
ஹோட்டல் சாவி அட்டை, தொட்டால் கட்டணம் போகும் வங்கி அட்டை ஒன்று (ரயில், பஸ் வாசலில் அதையே தட்டலாம்), போன். பாஸ்போர்ட் அறை லாக்கரில், அதன் படம் போனில். குளிரில் போன் சார்ஜ் வேகமாக இறங்கும், வெளிப்பையில் வைக்காமல் உடம்பை ஒட்டிய உட்பையில் வையுங்கள். சாவி அட்டையைப் போனோடு ஒட்டி வைக்காதீர்கள், காந்தப்பட்டை வகை என்றால் அழிந்துபோய் வியர்வையோடு வரவேற்பறை வரிசையில் நிற்க வேண்டும்.